பெயரோடு செயலையும் எழுதுங்கள்

வேலூரிலிருந்து திருவண்ணாமலைக்கு வரும் சாலையில், அண்ணாமலையின் சிகரம் கண்ணுக்கு நன்றாகப் புலப்பட்ட பிறகு எதிர்ப்படும் வேங்கிக்கால், ஏரியும் வயலும் சூழ்ந்த சாதாரணக் கிராமமாக நெடுங்காலம் இருந்து, 1989-ஆம் ஆண்டு செப்டம்பர் 30-ஆம் தேதி பழைய வட ஆர்க்காடு ஜில்லாவிலிருந்து திருவண்ணாமலை தனி மாவட்டமாகப் பிரிந்த பின்னர், ஆட்சியர் அலுவலகம் தன் எல்லைக்குள் அமைந்த காரணத்தால், மாவட்டத்து ஜனங்கள் அனைவருக்கும் பழக்கமான பெயராகிவிட்டது. பட்டா மாற்றத்துக்காக வருபவரும், உதவித்தொகை வேண்டி வரும் முதியவரும், திங்கட்கிழமைதோறும் நடைபெறும் குறைதீர்க்கும் நாளில் மனுவும் கையுமாக வரிசையில் நிற்பவரும் அறிந்திராத வேறொரு காரியமும் இந்த மாவட்ட நிர்வாகத்தில் ஆண்டுக்கு இரண்டு முறை நடைபெறுகிறது. குடியரசு தினத்தன்றும் சுதந்திர தினத்தன்றும், ஆயுதப்படை மைதானத்தில் ஆட்சியர் கொடியேற்றி, காவலர் அணிவகுப்பின் மரியாதையை ஏற்றுக்கொண்ட பிறகு, பல துறைகளிலும் சிறப்பாகப் பணியாற்றினார்கள் என்று தேர்ந்தெடுக்கப்பட்ட உத்தியோகஸ்தர்களின் பெயர்கள் ஒலிபெருக்கியில் ஒவ்வொன்றாக வாசிக்கப்பட, அவர்கள் வரிசையாக வந்து நற்சான்றிதழ் பெற்றுச் செல்கிறார்கள். தமிழ்நாட்டின் எல்லா மாவட்டத் தலைநகரங்களிலும் நடைபெறும் வழக்கந்தான் இது.

இதை வெறும் சடங்கென்று எவரும் தள்ளிவிடலாகாது. ஜவ்வாது மலையில் ஜமுனாமரத்தூருக்கு அப்பால் பஸ் போகாத குக்கிராமங்களுக்கு நடந்தே சென்று கர்ப்பிணிகளின் உடல்நிலையைப் பார்த்து எழுதிக்கொண்டு வரும் கிராம சுகாதாரச் செவிலியருக்கும், வரப்புத் தகராறில் இரு தரப்பாரின் கோபத்துக்கும் நடுவே நின்று நிலத்தை அளந்து கல் நடும் நில அளவருக்கும், எந்தக் கிராமத்தின் எந்த ஆண்டு அடங்கல் எந்த அடுக்கில் இருக்கிறது என்பதைப் பட்டியலைப் பாராமலே எடுத்துக் கொடுக்கும் பதிவறை எழுத்தருக்கும், தம் உத்தியோக வாழ்வு முழுவதிலும் ஊரார் முன்னிலையில் பெயர் சொல்லி அழைக்கப்படும் சந்தர்ப்பம் அநேகமாக இது ஒன்றுதான். பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்திருக்கும் மனைவி மக்களுக்கும், வயதான தாய் தகப்பனாருக்கும் அந்த அரை நிமிஷத்தில் உண்டாகும் பூரிப்பு, சம்பளப் பட்டியலில் எந்த இடத்திலும் எழுதக்கூடியதன்று.

ஆயினும், அந்தச் சான்றிதழை (நான் சொல்வது ஒரு மாவட்டத்தினுடையதை மட்டுமன்று, நம் நாட்டில் சர்க்கார் ஆபீசுகளும் தனியார் கம்பெனிகளும் சங்கங்களும் வழங்குகிற எந்தச் சான்றிதழையும்தான்) கையில் வாங்கி நிதானமாகப் படித்துப் பார்த்தால், மனத்தில் ஒரு குறை தட்டுகிறது. ஓரத்தில் பொன்வண்ணக் கரை, மேலே முத்திரை, நடுவில் பெற்றவரின் பெயர், பதவி, அலுவலகம், கீழே கையெழுத்து, தேதி. இவ்வளவும் பிழையின்றி இருக்கும். அவர் செய்த காரியம் என்ன என்ற இடத்தில் மட்டும், தம் பணியைச் சிறப்பாகச் செய்தமைக்காக என்ற பொருள்படும் ஒரே வாக்கியம், செவிலியருக்கும் அளவருக்கும் எழுத்தருக்கும் ஓட்டுநருக்கும் எழுத்து மாறாமல் அச்சாகியிருக்கும். பெயரை எடுத்துவிட்டு வேறொருவர் பெயரைப் போட்டாலும் அந்தக் காகிதத்துக்கு யாதொரு பங்கமும் வராது. பத்து வருஷம் கழித்து அவருடைய பேரக்குழந்தை சுவரில் மாட்டியிருக்கும் சட்டத்தைக் காட்டி, தாத்தா என்ன செய்ததற்காக இதைக் கொடுத்தார்கள் என்று கேட்டால், பதில் சொல்லும் சக்தி அந்தச் சட்டத்துக்கு இல்லை.

நம்முடைய முன்னோர்கள் பாராட்டை இவ்வாறு எழுதவில்லை. அதற்குச் சாட்சி தேடி வெகுதூரம் போகவேண்டியதுமில்லை. வேங்கிக்காலிலிருந்து மேற்கே சுமார் 35 கிலோமீட்டர் தூரத்தில் இருக்கும் செங்கம், தமிழ்நாட்டுச் சரித்திர ஆராய்ச்சியாளர்களுக்கு ஒரு புதையல் பூமி. அதன் சுற்றுவட்டாரத்து வயல் ஓரங்களிலும் ஏரிக்கரைகளிலும் முட்புதர்களிலும் கிடந்த நடுகற்களைத் தமிழ்நாடு தொல்லியல் துறை தேடிப் படியெடுத்து, 1972-ஆம் ஆண்டு, டாக்டர் இரா. நாகசாமியைப் பதிப்பாசிரியராகக் கொண்டு 'செங்கம் நடுகற்கள்' என்ற நூலாக வெளியிட்டது. அவற்றில் பெரும்பாலானவை ஆநிரை கவர வந்தவர்களோடும், ஊரைச் சூறையாட வந்தவர்களோடும் போரிட்டு உயிர்விட்ட சாமானிய வீரர்களுக்காக எடுக்கப்பட்டவை, வட்டெழுத்தில் பொறிக்கப்பட்டவை.

அக்கற்களுள் எடுத்தனூர்க் கல் விசேஷமானது. பல்லவ மன்னன் முதலாம் மகேந்திரவர்மனின் 34-ஆம் ஆட்சியாண்டில், அதாவது ஏழாம் நூற்றாண்டின் முற்பகுதியில், பொற்றொக்கையார் என்பவரிடம் சேவகனாயிருந்த கருந்தேவக்கத்தி என்பான் எருமைகளைக் காக்கும் பூசலில் மாண்டான் என்று அது தெரிவிக்கிறது. யாருடைய ஆட்சி, எந்த ஆண்டு, யாருடைய ஆள், பெயர் என்ன, எதைக் காத்து மாண்டான் என்ற ஐந்து விவரங்களும் நாலைந்து வரிகளுக்குள் அடங்கிவிட்டன. கல் அத்தோடு நிற்கவில்லை. வீரனுடைய உருவத்தோடு ஒரு நாயின் உருவத்தையும் செதுக்கி, கோவிவன் என்னும் பெயருடைய அந்த நாய் இரண்டு கள்ளர்களைக் கடித்து, அவ்விடத்தை விட்டு நகராமல் காத்திருந்தது என்று தனியாக ஒரு வாசகத்தையும் அதனருகில் பொறித்திருக்கிறார்கள். சுமார் பதினான்கு நூற்றாண்டுகளுக்குப் பின் அந்தக் கல்லைப் படிக்கிற நமக்கு, அந்த நாயின் பெயர் தெரிகிறது. அது செய்த காரியம் தெரிகிறது. அது கடித்த கள்ளர்களின் எண்ணிக்கைகூடத் தெரிகிறது. ஒரு கால்நடைக் காவலனுக்கும் அவனுடைய நாய்க்கும் அன்று கிடைத்த இந்தத் துல்லியமான அங்கீகாரம், இன்று முப்பது வருஷம் உழைத்து ஓய்வு பெறுகிற ஓர் ஊழியருக்குக் கிடைக்கிறதா என்று நினைத்துப் பார்க்கும்போது என் மனம் வருந்துகிறது.

நடுகல் எடுக்கும் முறையைத் தொல்காப்பியம் ஆறு படிகளாக வகுத்திருக்கிறது. தகுந்த கல்லைத் தேடிக் காண்பது காட்சி, அதைக் கொண்டுவரத் தொடங்குவது கால்கோள், நீராட்டித் தூய்மை செய்வது நீர்ப்படை, அப்புறம் நடுதல், நட்ட கல்லுக்குப் பெருஞ்சிறப்புச் செய்வது பெரும்படை, கடைசியாக வாழ்த்து. வாழ்த்து ஆறாவதாகத்தான் வருகிறது என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும். ஐந்து படிகள் உழைப்பு. தேடுவதும் சுமப்பதும் செதுக்குவதுமான உழைப்பு. இக்காலத்து விழாக்களில் முதல் ஐந்தையும் விட்டுவிட்டு ஆறாவதை மட்டும் நாம் செய்துகொண்டிருக்கிறோம் என்பதே என் அபிப்பிராயம். யாரைப் பாராட்டுவது என்று தேடுவதற்கு நேரமில்லை. ஒவ்வொரு பிரிவுக்கும் இரண்டு பெயர் அனுப்புக என்று சுற்றறிக்கை போகிறது. போன தடவை வாங்காதவர் யார் என்று பார்த்து, முறை வைத்தாற்போலப் பெயர் எழுதி அனுப்பப்படுகிறது. சால்வைக்கும் மாலைக்கும் குறைவில்லை. அந்த மனிதர் செய்ததை நேரில் கண்டு, விசாரித்து, நாலு வரி எழுதுகிற சிரமத்தைத்தான் எவரும் எடுத்துக்கொள்வதில்லை.

அரசர்களுள்ளும் இந்தச் சிரமத்தை எடுத்துக்கொண்டவர்கள் உண்டு. 1010-ஆம் ஆண்டு வாக்கில் நிறைவெய்திய தஞ்சைப் பெரிய கோயிலின் சுவர்களை முதலாம் இராஜராஜன் ஒரு மாபெரும் சேவைப் பதிவேடாகவே ஆக்கிவைத்தான். அக்கோயிலைச் சமைத்த குஞ்சரமல்லனுக்கு இராஜராஜப் பெருந்தச்சன் என்று தன் பெயரையே பட்டமாக அளித்தான். நாவிதத் தொழில் செய்தவரும் அவ்வாறே இராஜராஜப் பெருநாவிசன் என்ற பட்டத்தோடு கல்வெட்டில் இடம்பெற்றிருக்கிறார். ஆடலுக்கு அமர்த்தப்பட்ட நானூறு தளிச்சேரிப் பெண்டுகளுக்கும், ஒவ்வொருத்தியின் பெயர், அவள் எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தவள், தெருவின் எந்தச் சிறகில் எத்தனையாவது வீடு அவளுடையது என்பது வரையில் எழுதி, ஆளுக்கு ஒரு பங்காக நூறு கலம் நெல் என்று ஊதியத்தையும் குறித்திருக்கிறான். பாடுவோர், மத்தளம் கொட்டுவோர், கணக்கெழுதுவோர், தையல்காரர் என்று அந்தப் பட்டியல் நீண்டுகொண்டே போகிறது. பட்டமும் உண்டு, பங்கும் உண்டு. இரண்டில் ஒன்றைக் கொடுத்து மற்றொன்றை மறக்கவில்லை. பாராட்டுப் பத்திரம் கொடுத்துவிட்டால் ஊதிய உயர்வைப் பற்றிப் பேச்செடுக்க வேண்டாம் என்று நினைக்கும் முதலாளிமார்கள் ஒரு தடவை தஞ்சாவூர் போய்வருவது நலம்.

திருவண்ணாமலைக் கோயிலைப் பார்ப்போம். 217 அடி உயர்ந்து, பதினோரு நிலைகளோடு நிற்கும் கிழக்கு இராஜகோபுரம் கிருஷ்ணதேவராயரின் திருப்பணி என்று எல்லோரும் அறிவார்கள். வடக்குக் கோபுரமோ, அரசர் எவர் பெயராலும் வழங்காமல், அம்மணி அம்மாள் கோபுரம் என்று வழங்குகிறது. செங்கத்தை அடுத்த சென்னசமுத்திரத்தில் பிறந்து, துறவு பூண்டு, வீடு வீடாகச் சென்று பொருள் சேர்த்து, முற்றுப்பெறாமல் நின்ற அந்தக் கோபுரத்தை முடித்துவைத்த பெண்மணி அவர். 171 அடி உயரமுள்ள ஒரு கோபுரம், பதவியோ படையோ இல்லாத ஒரு பெண்ணின் பெயரைத் தாங்கி நிற்பது, இந்த ஊர் ஜனங்கள் தாமாக அளித்த விருது. அதற்கு எந்தத் தேர்வுக்குழுவும் கூடவில்லை. இதில் எனக்குப் பெருமகிழ்ச்சி உண்டு. ஆனால், இரண்டு கோபுரங்களிலும் சாரம் கட்டி ஏறிச் சுதை வேலை செய்தவர்களின் பெயர்களும், அடித்தளக் கல்லைப் பொருத்திய தச்சர்களின் பெயர்களும் நம் வாயில் வழங்கவில்லை. நிபுணத்துவம் உடையவன் மறைந்துபோய், நிதி திரட்டியவரும் ஆணையிட்டவரும் நிலைபெறுவது உலக வழக்கம் என்று சொல்லி இதை விட்டுவிடலாம். எடுத்தனூர்க் கல்லைச் செதுக்கியவர்கள் அப்படி விட்டுவிடவில்லை.

இக்காலத்து விருதுகளுள் செயலை அளந்து கொடுக்கப்படுபவையும் இருக்கின்றன என்பதை மகிழ்ச்சியோடு சொல்ல வேண்டும். திருந்திய நெல் சாகுபடி முறையில் மாநிலத்திலேயே மிக அதிகமான விளைச்சல் எடுக்கும் விவசாயிக்கு, விவசாயிகள் இயக்கத் தலைவர் நாராயணசாமி நாயுடுவின் பெயரால் தமிழக அரசு வழங்கும் 5 லட்சம் ரூபாய்ப் பரிசு அத்தகையது. அதற்குச் சிபாரிசு செல்லாது. அதிகாரிகள் வயலுக்கு வந்து, தம் கண்ணெதிரே அறுத்து, அடித்து, தூற்றி, நெல்லை நிறுத்துப் பார்த்து எழுதிக்கொண்டு போகிறார்கள். தராசு சொல்லுகிறது, அதிகாரி எழுதுகிறார். தொழிற்சாலைத் தொழிலாளர்களுக்கு அரசு வழங்கும் உயர்ந்த உழைப்பாளர் விருதும், இயந்திரத்தை மேம்படுத்தவோ விபத்தைத் தடுக்கவோ உற்பத்தியைப் பெருக்கவோ ஒரு தொழிலாளி சொன்ன யோசனை எது, அதனால் விளைந்த நன்மை எவ்வளவு என்பதைக் கணக்கில் கொள்கிறது. இதே மாவட்டத்தில், செய்யாறு சிப்காட் வளாகத்துக் காலணித் தொழிற்சாலைகளில் கிராமத்துப் பெண்கள் ஆயிரக்கணக்கில் வேலை செய்கிறார்கள். தையல் எந்த வளைவில் பிரியும், எந்த ஒட்டு வெயிலில் விடும் என்பதை அவர்களுடைய விரல்நுனி அறியும். அந்த அறிவைக் கேட்டு வாங்கிக்கொண்டு, சொன்னவளுடைய பெயரால் அதை வழங்கும் தொழிற்சாலை எதுவோ, அதுவே நிலைத்து வளரும் என்பது என் நம்பிக்கை. ஜப்பானில் டொயோட்டா கம்பெனி 1951-ஆம் ஆண்டிலேயே தொழிலாளர்களின் யோசனைகளைக் கேட்டுப் பரிசளிக்கும் ஏற்பாட்டைத் தொடங்கிவிட்டது.

பாராட்டுகிறவருக்கு அந்தத் தொழில் தெரிந்திருக்க வேண்டும் என்பது அடுத்த விஷயம். பிரான்ஸ் தேசத்தில் 1924-ஆம் ஆண்டு முதல் மிகச் சிறந்த கைத்தொழிலாளர் என்ற பட்டத்தை வழங்கிவருகிறார்கள். ரொட்டி சுடுபவர், கண்ணாடி வேலை செய்பவர், கல் செதுக்குபவர், தையற்காரர் என்று பல தொழில்களைச் சேர்ந்தவர்களும், சில ஆண்டுகளுக்கு ஒரு முறை நடக்கும் கடினமான பரீட்சையில், அதே தொழிலில் கைதேர்ந்த ஆசான்களின் முன்னிலையில் தம் வேலையைச் செய்து காட்ட வேண்டும். ஒருவர்தான் ஜயிக்கலாம் என்ற நியதி அங்கே கிடையாது. தரத்தை எட்டிய அத்தனை பேருக்கும் பட்டம் உண்டு. ஒருவரும் எட்டாவிட்டால் அந்த முறை அந்தத் தொழிலுக்குப் பட்டம் இல்லை. வென்ற சமையற்காரர் தம் வெள்ளை அங்கியில், தேசக்கொடியின் மூன்று நிறமும் உள்ள கழுத்துப்பட்டியை ஆயுள் முழுதும் அணிந்துகொள்ளலாம். அடுப்படியில் நிற்கும் ஒருவர் தேசத்தின் கொடியைக் கழுத்தில் அணிந்து நிற்பது எத்தகைய கௌரவம் என்பதை நான் விவரிக்க வேண்டியதில்லை.

நம் நாட்டில் தொழிலறிவு அங்கீகாரம் பெற்றதற்கு நான் மிகவும் மதிக்கிற உதாரணம், செங்கல்பட்டுப் பக்கத்து இருளர்களுடையது. பாம்பு பிடிப்பதில் அவர்களுக்கு இணையானவர்கள் உலகத்தில் இல்லை. மண்ணில் வால் இழுபட்ட தடத்தைப் பார்த்தே, போன பாம்பு எது, எவ்வளவு பெரியது, எந்த வளைக்குள் போயிருக்கிறது என்று சொல்லிவிடுவார்கள். தோல் வியாபாரத்துக்காகப் பாம்பு பிடித்து ஜீவித்துவந்த அவர்கள், 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும், அதன் பின் பாம்புத்தோல் ஏற்றுமதிக்கு விதித்த தடையும் வந்தபோது, பிழைப்பை இழந்தார்கள். அவர்களுடைய வித்தையோ அப்படியே இருந்தது. அதை உணர்ந்த பாம்பியல் வல்லுநர் ரோமுலஸ் விட்டேகர் முதலியோரின் முயற்சியால், 1978-ஆம் ஆண்டு இருளர் பாம்பு பிடிப்போர் தொழிற் கூட்டுறவுச் சங்கம் ஏற்பட்டது. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கையும் உயிரோடு பிடித்து, சில வாரம் வடநெம்மேலியிலுள்ள பண்ணையில் மண்பானைகளில் வைத்திருந்து, நஞ்சைக் கறந்துகொண்டு, மறுபடியும் காட்டில் விட்டுவிடுகிறார்கள். பாம்புக்கடிக்கு நம் தேசத்தில் தயாராகும் மருந்துக்கு வேண்டிய நஞ்சில் பெரும்பங்கு இவர்கள் கையிலிருந்து போவது. திருவண்ணாமலை ஜில்லாவில் வயல்வரப்பில் பாம்பு தீண்டி, ஆஸ்பத்திரியில் ஊசி போட்டு உயிர் பிழைத்தவர்கள் அநேகர். தம் உயிரை மீட்டது யாருடைய கைத்திறன் என்று அவர்கள் அறிந்திருக்க மாட்டார்கள்.

2017-ஆம் ஆண்டு அமெரிக்காவில் ஃபுளோரிடா மாநிலத்தில், வெளியிலிருந்து வந்து பெருகிவிட்ட பர்மா மலைப்பாம்புகள் அங்குள்ள வனவிலங்குகளையெல்லாம் விழுங்கிவந்த தொல்லைக்குப் பரிகாரம் காண முடியாமல், அந்த மாநிலத்து வனவிலங்கு அதிகாரிகளும் பல்கலைக்கழகத்தாரும் மாசி சடையன், வடிவேல் கோபால் என்ற இரண்டு இருளர்களை வரவழைத்தார்கள். அதற்கு முந்திய ஆண்டில் அங்கே நடந்த வேட்டைப் போட்டியில், ஆயிரம் பேருக்கு மேல் ஒரு மாத காலம் தேடி, 106 பாம்புகளைப் பிடித்திருந்தார்கள். கையில் ஒரு கடப்பாரையோடு சதுப்புநிலத்தில் இறங்கிய இந்த இருவரும் தங்களுக்குத் துணை வந்தவர்களோடு, நான்கு வாரத்துக்குள் 27 பாம்புகளைப் பிடித்துக் கொடுத்தார்கள். அவற்றுள் ஒன்று பதினாறு அடி நீளம். 2023-ஆம் ஆண்டு பாரத சர்க்கார் இருவருக்கும் பத்மஸ்ரீ விருது அளித்தது. அந்தப் பதக்கத்தைக் காட்டிலும் பெரிய மரியாதை, அதற்கு நாற்பத்தைந்து வருஷத்துக்கு முன்பு, இவர்களுக்குத் தெரிந்தது ஒரு வித்தை, அதற்கு விலை உண்டு என்று எண்ணி ஒரு சங்கத்தை ஏற்படுத்தியதே என்று எனக்குத் தோன்றுகிறது. அறிதல் முன்னே வந்தது. விருது பின்னே வந்தது. அந்த வரிசை மாறாமல் இருந்ததால்தான் அந்த விருது தேசத்துக்கே பெருமையாயிற்று.

இனி, தலைமை வகிப்பவர்களைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். ஓர் அலுவலகத்தின் தலைவரையோ தொழிலதிபரையோ பாராட்டுவது எளிது. அவர் பெயர் எங்கும் எழுதியிருக்கிறது. அவர் தலைமையில் இருந்தவர்கள் என்ன ஆனார்கள் என்பதைப் பார்த்துப் பாராட்டுவதே கடினம். மதுரைக்கு அருகே புல்லுச்சேரி என்னும் கிராமத்தைச் சேர்ந்த சின்னப்பிள்ளை அம்மாள், நடவுக்கும் அறுவடைக்கும் பெண்களைச் சேர்த்து அழைத்துப் போய், அவர்களுக்காகக் கூலி பேசி வாங்கிக் கொடுத்துவந்த கூலித்தொழிலாளி; களஞ்சியம் என்ற சேமிப்பு இயக்கத்தில் அந்தப் பெண்களைத் திரட்டி, கந்துவட்டியிலிருந்து அவர்களை மீட்டவர். 2001-ஆம் ஆண்டு ஜனவரியில் தில்லியில் அவருக்கு ஸ்திரீ சக்தி விருது வழங்கியபோது, பிரதமர் வாஜ்பாய் குனிந்து அவருடைய பாதத்தைத் தொட்டு வணங்கினார். 2019-இல் பத்மஸ்ரீயும் வந்தது. அவருடைய தலைமைக்கு அளவுகோல், அவர் பின்னால் வந்த பெண்கள் கடன்காரர் வீட்டு வாசலில் நிற்காமல் நிமிர்ந்து நடந்ததுதான்.

பாராட்டு என்பது பணத்துக்கு மாற்று என்றோ, வேலை வாங்கும் தந்திரம் என்றோ கருதுகிறவர்களுக்கு, ஃப்ரெடெரிக் ஹெர்ஸ்பெர்க் என்ற அமெரிக்க மனத்தத்துவ சாஸ்திரியும் அவருடைய சகாக்களும் 1959-இல் வெளியிட்ட ஆராய்ச்சியைச் சுட்டிக்காட்டுவேன். பிட்ஸ்பர்க் பிரதேசத்தில் சுமார் இருநூறு எஞ்சினீயர்களையும் கணக்கர்களையும், வேலையில் தாங்கள் மிகவும் மகிழ்ச்சியாயிருந்த சமயம் எது, மனம் நொந்த சமயம் எது என்று கேட்டபோது, மகிழ்ச்சிக்குக் காரணமாக அவர்கள் அடிக்கடி சொன்னவை காரியம் கைகூடியதும், அதைப் பிறர் உணர்ந்து மதித்ததும். சம்பளமும் மேலதிகாரியும் மனநோவின் பக்கத்தில்தான் பெரும்பாலும் தலைகாட்டின. நல்ல காரியத்தோடு சேர்ந்து வருகிற அங்கீகாரமே மனிதனுக்கு இன்பம் தருகிறது. காரியம் இன்னதென்று சொல்லாத பாராட்டு, பெற்றவனுக்கே கூச்சத்தைத் தருவதை நாம் பார்த்திருக்கிறோம்.

ஆசிரியர்களுக்கான விருதுகளில் சமீபகாலத்தில் ஏற்பட்ட ஒரு மாற்றம் இவ்விடத்தில் கவனிக்கத்தக்கது. அந்நாளைய வட ஆர்க்காடு ஜில்லாவைச் சேர்ந்த திருத்தணியில் 1888-ஆம் ஆண்டு பிறந்து, வேலூரில் படித்து, ஆசிரியராயிருந்து ஜனாதிபதி பதவி வரை உயர்ந்த டாக்டர் ராதாகிருஷ்ணனின் பிறந்த நாளான செப்டம்பர் 5, 1962 முதல் ஆசிரியர் தினமாகக் கொண்டாடப்படுகிறது; தமிழக அரசின் நல்லாசிரியர் விருது அவர் பெயராலேயே வழங்குகிறது. 1958-இல் ஏற்பட்ட தேசிய விருதுக்கு, 2018 முதல், ஆசிரியர் தம் பணியைத் தாமே விவரித்து விண்ணப்பிக்கவும், நடுவர்கள் முன் எடுத்துரைக்கவும் ஏற்பாடு செய்திருக்கிறார்கள். செயலைச் சொல் என்று கேட்பது நல்ல முறைதான். ஆயினும் நம்முடைய ஜனங்களுக்கு, முக்கியமாக நன்றாக வேலை செய்கிறவர்களுக்கு, தம்மைத் தாமே புகழ்ந்து எழுதிக்கொள்ளக் கை வராது. நான் இன்னது செய்தேன், எனக்கு விருது கொடுங்கள் என்று ஐந்து பக்கம் எழுதும்படி சொன்னால், ஓராசிரியர் பள்ளியில் இருபது வருஷம் பாடம் சொன்ன மனிதர், அந்த நேரத்தில் இன்னும் நாலு பிள்ளைகளுக்கு வாய்ப்பாடு சொல்லிக் கொடுக்கலாமே என்று எண்ணி விண்ணப்பத்தை மடித்து வைத்துவிடுவார். எழுதத் தெரிந்தவர் பெறுவார். செய்யத் தெரிந்தவர் விடுபடுவார்.

இதற்குப் பரிகாரமும் இந்த மண்ணிலேயே இருக்கிறது. பத்துப்பாட்டில் ஒன்றாகிய மலைபடுகடாம், இதே செங்கத்தை ஆண்ட நன்னன் மீது பெருங்கௌசிகனார் பாடியது. கூத்தர்களை அவனிடம் வழிப்படுத்துவதாக அமைந்த அந்த நூலும், ஆற்றுப்படை என்ற அந்த இலக்கிய வகையின் பெரும்பகுதியும், பரிசு பெற்ற கலைஞன் ஒருவன், எதிரே வாடி வரும் இன்னொரு கலைஞனைக் கண்டு, இன்ன வழியாகப் போ, இன்னாரைக் காண், உன் வித்தையின் அருமை அவருக்குத் தெரியும் என்று வழிகாட்டுகிற அற்புதமான கற்பனையின் மேல் எழுந்தவை. தகுதியுடையவனைத் தகுதியறிந்தவனிடம் சேர்ப்பிக்கும் கடமையை, அதே தொழிலைச் சேர்ந்தவனும் ஏற்கெனவே மரியாதை பெற்றவனும் தன் தலையில் போட்டுக்கொண்டான். இன்றைக்கு நற்சான்றிதழ் வாங்கிய ஒவ்வொருவரும், தம்மோடு வேலை செய்து, தமக்குக் கற்பித்து, சான்றிதழ் பெறாமலே போய்விட்ட ஒருவரைப் பற்றி நாலு வரி எழுதிக் கொடுப்பதென்று ஒரு வழக்கம் ஏற்படுமானால், தேர்வுக்குழுக்களுக்குப் பட்டியல் பஞ்சமே இராது.

ஆகவே, அலுவலகங்களிலும் தொழிற்சாலைகளிலும் பள்ளிகளிலும் சான்றிதழ் எழுதும் பொறுப்பில் இருப்பவர்களுக்கு என் விண்ணப்பம் ஒன்றுதான். பொன்வண்ணக் கரையைச் சற்றுக் குறுக்கிக்கொண்டாவது, நடுவில் நாலு வரிக்கு இடம் விடுங்கள். எந்த ஊரில், எந்த மழையில், எந்தக் கோப்பில், எந்த இயந்திரத்தில், யாருக்கு என்ன செய்தார் என்பதை அவரோடு வேலை செய்தவரைக் கேட்டு எழுதுங்கள். எழுத ஒன்றும் அகப்படவில்லையென்றால், அந்தப் பெயரை அடுத்த வருஷத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

வாசகர்களுக்கும் ஒரு வார்த்தை. பத்ம விருதுகளுக்கு மந்திரிகளும் அதிகாரிகளுந்தான் சிபாரிசு செய்யலாம் என்று பலர் இன்னும் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். இந்நாட்டுப் பிரஜை எவரும் தகுதியுடைய எவரையும் பரிந்துரைக்கலாம். ஆண்டுதோறும் மத்திய சர்க்கார் குறிப்பிடும் கெடுவுக்குள், அவர்களுடைய இணையதளத்தில் பெயரையும் விவரங்களையும் பதிந்து, அவர் செய்த பணியை 800 சொற்களுக்கு மேற்படாமல் விவரித்து எழுதியனுப்ப வேண்டும். உங்கள் ஊரில் அப்படிப்பட்ட ஒருவரை நீங்கள் அறிவீர்களானால், அந்த 800 சொற்களை நீங்களே எழுதுங்கள்.